திறந்தவர் குற்றவாளி அல்ல

"கண்ட மெயிலையும் திறந்தா இப்படித்தான் ஆகும்." கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம் தொடங்கி மரக்காணம் வரை, கணினி பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் இந்த வாக்கியம் காதில் விழும். வைரஸ் புகுந்த கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தலைகுனிந்து நிற்பார். அவர் பொம்மையார்பாளையத்தில் விருந்தினர் இல்லத்தின் முன்பதிவைக் கவனிக்கும் பெண்ணாக இருக்கலாம். உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுபவராக இருக்கலாம். கடைக்காரர் சொல்கிறார், முதலாளி ஆமோதிக்கிறார், விழிப்புணர்வுச் சுவரொட்டிகளும் அதையே சொல்கின்றன: இணைப்பைத் திறந்தவர்தான் காரணம். இந்தக் கருத்து தவறு. கால் நூற்றாண்டாக நம் மின்னஞ்சலைக் காப்பாற்ற விடாமல் தடுத்துவருவதும் இதுதான்.

எதிர்த்தரப்பின் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இணைப்பில் வரும் வைரஸ் தானாக ஓடாது. யாராவது அதைத் திறக்க வேண்டும்; திறக்காதவரை அது செத்த கோப்பு. வைரஸ் எழுதுகிறவர்கள் நாளுக்கொரு வேடம் போடுவதால் எந்த மென்பொருளாலும் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. ஆகவே கடைசிக் காவல் மனிதர்தான். அவருக்குச் சொல்லித்தர அதிகச் செலவும் இல்லை: தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே, கோப்பின் பெயரைக் கவனி, ஆன்ட்டிவைரஸ் போட்டுக்கொள். இவ்வளவு சொல்லியும் ஒருவர் திறந்தால் பொறுப்பு அவருடையதே. இப்படிச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்த அறிவுரைகளில் உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

1. தெரியாதவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய மெலிசா, ஒரு கணினிக்குள் புகுந்ததும் அங்கிருந்த அவுட்லுக் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, முதல் 50 முகவரிகளுக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது. 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் போனது. இரண்டும் உலகைச் சுற்றி வந்ததற்குக் காரணம், அவை தெரிந்தவரின் பெயரில் வந்ததுதான். பின்னாளில் வந்த எமோட்டெட் இன்னும் ஒருபடி மேலே போனது. திருடிய அஞ்சல்பெட்டியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உரையாடலுக்குப் பதில் எழுதுவதுபோல், பழைய வரிகளையும் கீழே சேர்த்து, இணைப்போடு வந்தது. நேற்று நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்று பதில் வருகிறது. அதில் ஒரு கோப்பு இருக்கிறது. திறக்காமல் இருக்க உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

மறுபக்கத்தையும் பாருங்கள். விருந்தினர் இல்லத்தில் முன்பதிவு பார்ப்பவருக்கு வரும் கடிதம் பெரும்பாலும் தெரியாதவரிடமிருந்துதான் வரும். பிரான்சிலிருந்து ஒருவர் பாஸ்போர்ட் நகலை அனுப்புவார். பெங்களூரிலிருந்து ஒரு நிறுவனம் இருபது பேரின் பட்டியலை எக்செல்லில் அனுப்பும். ஆரோவில்லைச் சுற்றி ஊதுவத்தியும் தோல்பொருளும் ஏற்றுமதி செய்யும் சிறு தொழிற்கூடங்களுக்குக் கொள்முதல் ஆணை வருவதே இணைப்பாகத்தான். இணைப்பைத் திறப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவரிடம் இணைப்பைத் திறக்காதே என்று சொல்வது அறிவுரை ஆகாது. நாளை எது நடந்தாலும் பழியை ஏற்க ஓர் ஆளை இன்றே தேர்ந்தெடுத்து வைப்பது அது.

2. கோப்பின் பெயரைக் கவனிக்கச் சொல்கிறீர்களே, அந்தப் பெயரை மறைத்தது யார்?

'ஐ லவ் யூ' வைரஸ் வந்த கோப்பின் பெயர் இரண்டு வால்களோடு இருந்தது. முதல் வால் டி.எக்ஸ்.டி.; வெறும் எழுத்துக் கோப்பு என்று பொருள். அதற்குப் பின்னால் இருந்த வி.பி.எஸ். என்ற வால்தான் அது ஓடக்கூடிய நிரல் என்று காட்டிக்கொடுப்பது. விண்டோஸ், தனக்குத் தெரிந்த கோப்புவகையின் கடைசி வாலைப் பயனருக்குக் காட்டாமல் மறைத்துவிடும். ஆகவே திரையில் தெரிந்தது பாதிப் பெயர். படித்தவர் சரியாகத்தான் படித்தார். அது ஒரு காதல் கடிதம், எழுத்துக் கோப்பு. ஏமாற்றியவன் மணிலாவில் இருந்தான். ஏமாற்றத் தோதாகத் திரையை அமைத்துக் கொடுத்தது மென்பொருள் நிறுவனம். இன்றைய விண்டோஸ் 11-லும் இந்த மறைப்பு இயல்பாகவே இயங்கும்படிதான் கணினி கைக்கு வருகிறது.

இது பழங்கதை அல்ல. இந்தியாவின் செயற்பாட்டாளர்களையும் வழக்கறிஞர்களையும் பத்து ஆண்டுகளாகக் குறிவைத்த ஒரு கூட்டத்தைப் பற்றி சென்டினல்ஒன் நிறுவனம் 2022 பிப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. அந்தக் கூட்டம் தொடக்கத்தில் கையாண்டதும் இதே இரட்டை வால்தான்: பி.டி.எஃப். என்று தெரியும், உண்மையில் ஓடக்கூடிய இ.எக்ஸ்.இ. கோப்பு. பதின்மூன்று ஆண்டு பழைய ஓட்டையை 2013-லும் யாரும் அடைத்திருக்கவில்லை. ஆனால் பெயரைக் கவனி என்ற அறிவுரை மட்டும் அத்தனை ஆண்டும் தவறாமல் வழங்கப்பட்டது.

3. திறக்காவிட்டால் ஆபத்தே இல்லையா?

உண்டு. 2001 செப்டம்பரில் வந்த நிம்டா, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் கடிதம் முன்னோட்டமாகத் தெரிந்தாலே ஓடியது. இணைப்பை யாரும் தொட வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அடைத்த அவுட்லுக் ஓட்டை அதைவிட மோசம்: கடிதம் வந்து சேர்ந்து, அதிலிருந்த நினைவூட்டலை மென்பொருள் கையாண்டாலே பயனரின் கடவுச்சொல் சார்ந்த தகவல் வெளியே போனது. முன்னோட்டம்கூடத் தேவைப்படவில்லை. செத்த கோப்பு என்ற வாதம் இங்கே முடிந்துவிடுகிறது.

4. ஆன்ட்டிவைரஸ் இருக்கிறதே?

இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவே காவல் என்று நம்புகிறவர்கள் தர்மசாலாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2009 மார்ச்சில் டொரோண்டோ ஆய்வாளர்கள் 'கோஸ்ட்நெட்' என்ற உளவு வலையை அம்பலப்படுத்தினார்கள். 103 நாடுகளில் 1,295 கணினிகள் அதில் சிக்கியிருந்தன. தர்மசாலாவில் உள்ள தலாய் லாமா அலுவலகமும் இந்தியத் தூதரகங்களும் அவற்றில் அடக்கம். திபெத்திய இயக்கத்தார் அனுப்பியதுபோல் வந்த ஒரு வேர்டு கோப்பை ஆய்வாளர்கள் 34 ஆன்ட்டிவைரஸ்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 11 மட்டுமே அதைக் கண்டுபிடித்தன. ஒருவர் மீது குறிவைத்து எழுதப்பட்ட வைரஸ் முதன்முதலாகப் போய்ச் சேர்வது அவரிடம்தான். அதுவரை யாரும் பார்க்காத ஒன்று எந்தப் பட்டியலில் இருக்கும்?

இன்னும் எளிய வழியும் உண்டு. சுருக்கிய கோப்புக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டு, அந்தச் சொல்லைக் கடிதத்திலேயே எழுதிவிடுவார்கள். மனிதர் படித்துத் திறந்துவிடுவார். வழியில் சோதிக்கும் இயந்திரத்துக்கு உள்ளே இருப்பது தெரியாது.

5. மென்பொருளை மாற்றினால் எதுவும் மாறாது என்பது உண்மையா?

இந்த விவாதத்தின் மையம் இதுதான். வேர்டு கோப்புக்குள் ஒளிந்து பரவிய முதல் மேக்ரோ வைரஸ் 'கான்செப்ட்', 1995-இல் வந்தது. மெலிசா 1999. எழுதவும் படிக்கவும் உள்ள ஓர் ஆவணத்துக்குள் கணினியையே ஆட்டிப்படைக்கும் நிரல் ஏன் இருக்க வேண்டும், இணையத்திலிருந்து வந்த கோப்பில் அதை ஏன் ஓடவிட வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை இயல்பாகவே தடுக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2022 பிப்ரவரியில். இருபத்தேழு ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் கோப்பைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கையும் அதில் அனுமதிக்கும் ஒரு பொத்தானும்தான் இருந்தன. அந்தப் பொத்தானை அழுத்தாதே என்று உலகத்து எழுத்தர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள்.

தடுத்ததும் என்ன நடந்தது? 2021 அக்டோபருக்கும் 2022 ஜூனுக்கும் இடையே, மேக்ரோவைச் சுமந்து வந்த தாக்குதல் கோப்புகள் ஏறத்தாழ 66 விழுக்காடு குறைந்ததாக புரூஃப்பாயிண்ட் நிறுவனம் கணக்கிட்டது. தடுப்பு எல்லோருக்கும் முழுமையாகப் போய்ச் சேரும் முன்னரே இந்த இறக்கம். அந்த ஒன்பது மாதத்தில் உலகத்து எழுத்தர்கள் திடீரென்று புத்திசாலிகள் ஆகிவிடவில்லை.

"அவர்கள் வேறு வழிக்குப் போய்விட்டார்களே" என்று உடனே பதில் வரும். போனார்கள். ஐ.எஸ்.ஓ. கோப்புக்கும் குறுக்குவழிக் கோப்புக்கும் ஒன்நோட் ஏட்டுக்கும் போனார்கள். ஆனால் அந்த வழிகளும் அடைபட்டதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இணையத்திலிருந்து வந்தது என்ற முத்திரை ஐ.எஸ்.ஓ.வுக்குள் இருக்கும் கோப்புகளுக்கும் போகும்படி 2022 நவம்பரில் விண்டோஸ் திருத்தப்பட்டது. ஒன்நோட்டில் ஒட்டிவரும் ஓடக்கூடிய கோப்புகள் 2023-இல் தடுக்கப்பட்டன. 'ஐ லவ் யூ' எழுதப்பட்ட அதே வி.பி.ஸ்கிரிப்ட் மொழியை விண்டோஸிலிருந்து படிப்படியாக நீக்கப்போவதாக 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். ஒவ்வொரு அடைப்புக்கும் தாக்குகிறவர் புதிதாகச் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. பயனருக்கோ எந்தச் செலவும் இல்லை; அவர் வழக்கம்போல் வேலை பார்க்கலாம்.

எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் மிக வலுவான சான்று 2011-இல் ஆர்.எஸ்.ஏ. நிறுவனத்தில் நடந்தது. ஆள்சேர்ப்புத் திட்டம் என்ற பெயரில் வந்த எக்செல் கோப்பை வடிகட்டி சரியாகவே குப்பைப் பெட்டிக்குத் தள்ளியது. ஓர் ஊழியர் அங்கிருந்து எடுத்துத் திறந்தார். ஆக, மனிதரின் தவறு என்கிறார்கள். அந்தக் கோப்புக்குள் என்ன இருந்தது? ஒரு ஃபிளாஷ் படம். அதன் வழியே, அதுவரை யாரும் அறியாத அடோபி ஓட்டை ஒன்று. கணக்குப் போடும் அட்டவணைக்குள் ஃபிளாஷ் ஓட வேண்டிய தேவை என்ன? ஓர் எழுத்தர் ஒரு கோப்பைத் திறந்தால் நிறுவனத்தின் உயிர்நாடியான ரகசியம் வரை போகும்படி வலையமைப்பு ஏன் இருந்தது? ஆர்.எஸ்.ஏ. பாதுகாப்பை விற்றே பிழைத்த நிறுவனம். அங்குள்ளவர்களாலேயே எல்லா நாளும் விழிப்பாக இருக்க முடியவில்லை என்றால், விழிப்பை மட்டும் நம்பும் ஏற்பாடு பொம்மையார்பாளையத்தில் எப்படி நிற்கும்?

நம் நாட்டிலேயே இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையம் தொடர்பான கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. இணையத்தோடு தொடர்புள்ள நிர்வாக வலையில் இருந்த கணினி அது, உலையை இயக்கும் வலை தனியாகப் பிரிக்கப்பட்டது என்பது கழகத்தின் விளக்கம். அப்படியானால் அங்கே காப்பாற்றியது இரண்டு வலைகளுக்கு நடுவே இருந்த சுவர். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, நோயாளிகளின் பதிவைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டி வந்தது. வலையமைப்பு சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. ஓரிடத்தில் சுவர் இருந்தது, மற்றதில் இல்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதற்கு இரண்டு கதையிலும் இடமில்லை.

பொம்மையார்பாளையத்து மீனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980களின் பிற்பகுதியில் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கே நகர வேண்டிய மணல் தடைபட்டது. வடக்கேயுள்ள ஊர்களின் கரையைக் கடல் தின்றது, வீடுகள் போயின. கவனமாக இரு என்று யாராவது அவர்களிடம் சொன்னால் ஏற்பார்களா? தூண்டில் வளைவு கேட்டுத்தான் போராடினார்கள். அரிப்புக்குக் காரணமான கட்டுமானம் ஓரிடம், வீட்டை இழந்தவர் வேறிடம். மின்னஞ்சலிலும் அப்படியே.

6. என்னிடம் திருட என்ன இருக்கிறது?

பழியைப் பயனர் மேல் போடுகிற கருத்துக்கு இது கூடப்பிறந்தது. சின்ன ஊர், சின்னக் கடை, யார் நம்மைத் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம். இணைப்பில் வருகிறவன் திருடத்தான் வருகிறான் என்று நினைப்பதே பிழை. வைத்துவிட்டுப் போகவும் வருவான்.

பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் அர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2021-இல் அறிக்கை கொடுத்தது. 2016 ஜூன் 13 அன்று, அவருக்கு நன்கு தெரிந்தவரான வரவர ராவின் மின்னஞ்சல் கணக்கிலிருந்து யாரோ அனுப்பிய கோப்பைத் திறக்க முயன்றபோது நெட்வயர் என்ற தீநிரல் உள்ளே புகுந்தது என்றும், பிறகு அவருக்கு எதிரான ஆவணங்கள் அவர் அறியாமல் கணினியில் வைக்கப்பட்டன என்றும் அது சொன்னது. அதே வழக்கில் கைதான, திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டின் பழங்குடிகளுக்காக உழைத்த ஸ்டான் சுவாமியின் கணினியிலும் 2014 முதல் 2019 வரை இப்படியே நடந்ததாக அதே நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. தேசியப் புலனாய்வு முகமை இந்த முடிவுகளை ஏற்கவில்லை. ஸ்டான் சுவாமி அந்த அறிவிப்புக்கு முன்பே, 2021 ஜூலை 5 அன்று, எண்பத்து நான்கு வயதில், விசாரணைக் கைதியாகவே இறந்துபோனார். நெட்வயர் காசு கொடுத்தால் எவருக்கும் கிடைத்த சாதாரணச் சரக்கு. தெரிந்தவரிடமிருந்து வந்ததைத் திறந்தது அவர்கள் செய்த குற்றமா?

அவ்வளவு தூரம் போகாதவர்களுக்கும் ஆபத்து உண்டு. அஞ்சல்பெட்டிக்குள் ஒருவன் உட்கார்ந்துகொண்டால், ஏற்றுமதியாளர் அனுப்பும் பில்லில் வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிவிடலாம். வெளிநாட்டுக்காரர் பணத்தை நேர்மையாக அனுப்புவார். அது வேறு கணக்குக்குப் போய்விடும்.

7. பழி போடுவதால் என்ன விளைகிறது?

மறைப்பு. திறந்தவர் வாய் திறக்கமாட்டார். சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலையிலிருந்து அனுப்புவார்கள் என்று தெரிந்தால் அவர் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். அந்த இரவு முழுவதும் வைரஸுக்குச் சொந்தம். மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் இப்படிப்பட்ட நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். திறந்தவர் பயந்து மறைக்கும் அலுவலகத்தில் அந்த ஆறு மணி நேரம் எப்போது தொடங்கும்? மேலிடத்திலும் இதே நோய்தான். கூடங்குளத்தில் அக்டோபர் 29 அன்று மறுப்பு வந்தது, மறுநாள் ஒப்புதல் வந்தது. செப்டம்பர் 4 அன்றே எச்சரிக்கை வந்துவிட்டிருந்தது.

அப்படியென்றால் செய்ய வேண்டியது எங்கே? கணினியை அமைத்துக் கொடுக்கும் மேசையில். கோப்பின் முழுப்பெயரும் தெரியும்படி வைக்க வேண்டும். வி.பி.எஸ்., ஜே.எஸ். வகைக் கோப்புகளைத் தொட்டால் நோட்பேடில் வெறும் எழுத்தாகத் திறக்கும்படி மாற்ற வேண்டும். அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத கணக்கு போதும். இணைப்பை இறக்காமல் அஞ்சல் சேவையின் பார்வைப் பக்கத்திலேயே படிக்கலாம். படிக்க மட்டுமே வேண்டிய கோப்புக்கு அதற்குமேல் என்ன தேவை? வாரம் ஒருமுறை நகல் எடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். கிராக் செய்த விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர், ஓட்டையை அடைக்கும் திருத்தங்கள் ஒழுங்காக வரும் வழியையும் சேர்த்தே கெடுக்கிறார். அந்த கிராக்கிலேயே வைரஸ் வருவதும் உண்டு. பிறகு வாடிக்கையாளரைத் திட்ட அவருக்கு என்ன தகுதி?

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒருங்குறி பரவாத காலத்தில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த தமிழைக் கடிதத்துக்குள் ஒட்டினால் எதிர்முனையில் கிறுக்கலாகத் தெரிந்தது. அதனால் வேர்டு கோப்பாகவும் எழுத்துருவாகவும் இணைத்தே அனுப்பிப் பழகினோம். இணைப்பைத் திறந்தால்தான் தமிழ் படிக்கக் கிடைக்கும் என்ற நிலை இருந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்ற பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் கூட்டம் வியாழக்கிழமை என்று சொல்ல இன்றும் ஓர் இணைப்பு வருகிறது. மூன்று வரிச் செய்தியை இணைப்பாக அனுப்பும் ஒவ்வொரு அலுவலகமும், யோசிக்காமல் திறக்கும் பழக்கத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. கற்றுக்கொடுத்தவரே பிறகு ஏன் திறந்தாய் என்று கேட்கிறார்.

சட்டமும் நகர வேண்டும். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு வைரஸைப் புகுத்துகிறவரைப் பிடிக்கிறது. புகுவதற்கு வாசலைத் திறந்துவைத்து விற்றவரைப் பற்றி அது பேசவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த இணையத் தாங்குதிறன் சட்டம், பொருள் விற்பனைக்கு வரும்போதே பாதுகாப்பான இயல்பமைப்போடு வர வேண்டும் என்கிறது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும். டெல்லி அப்படி ஒன்றை இயற்றும்வரை சென்னை காத்திருக்க வேண்டியதில்லை. 2011 முதல் மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கியது மாநில அரசின் எல்காட் நிறுவனம். அந்த அளவு வாங்குகிறவர் டெண்டரில் எழுதுவதை விற்கிறவர் செய்தே ஆக வேண்டும். கோப்பின் முழுப்பெயர் தெரிய வேண்டும், மேக்ரோ அடைபட்டிருக்க வேண்டும், மாணவரின் கணக்குக்கு நிர்வாகி அதிகாரம் கூடாது, திருத்தங்கள் இத்தனை ஆண்டு வர வேண்டும் என்று அடுத்த டெண்டரில் நான்கு நிபந்தனைகளைச் சேர்ப்பதற்கு எந்தப் புதிய சட்டமும் வேண்டாம்.